குரைப்பும் அயலுறவும்

கல்முனைக் கரையில் தமிழ்க் கிராமமும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்தே இருக்கின்றன. பாண்டிருப்பில் நள்ளிரவில் குரைக்கும் நாய் மருதமுனையின் உறக்கத்தையும் கலைக்கும். ஆகவே நாயின் குரைப்பை வெறும் இரைச்சலாக நான் கருதுவதில்லை. அயலுறவும் அதில் சோதிக்கப்படுகிறது.

பாங்கொலிக்கு நாய் ஊளையிட்டால் சிலர் மனம் வருந்துவர். அதில் அவமதிப்பு ஏதுமில்லை. நீண்டொலிக்கும் சங்குக்கும் அம்புலன்ஸ் ஒலிக்கும் கூட அது அவ்வாறே மறுகுரல் கொடுக்கும்.

ஓயாத குரைப்புக்குக் காரணம் வேறு. பகல் முழுதும் படலையடியில் கட்டிக் கிடக்கும் நாய் சலிப்பாலும் அச்சத்தாலும் குரைக்கிறது. தெருவில் போகிறவர் தம்பாட்டில் கடந்து போக, தானே விரட்டியதாக அது எண்ணிக்கொள்கிறது, பழக்கம் இறுகுகிறது. நாம் அதட்டினால் நாமும் சேர்ந்து குரைப்பதாகவே அதற்குப் படும். அடித்தால் அச்சம் பெருகும்.

தெரு தெரியாதபடி வேலியைக் கிடுகால் மறையுங்கள். இரவில் வீட்டுக்கு அருகே படுக்க விடுங்கள். காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து நடத்துங்கள். குரைப்பு ஓய்ந்த கணத்தில் ஒரு துண்டு மீன் கொடுங்கள். அமைதிக்கே பரிசு என்பதை அது சில வாரங்களில் கற்றுக்கொள்ளும். முதிய நாய் திடீரெனக் குரைக்கத் தொடங்கினால் உடல்நோவு இருக்கலாம்; மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

தாகித்த நாய்க்குக் கிணற்றிலிறங்கி நீர் அள்ளிக் கொடுத்தவரை இறைவன் மன்னித்தான் என்கிறது புகாரியில் பதிவான நபிமொழி. அதை அறிந்த ஊரில் இறைச்சியில் நஞ்சு வைப்பது தகுமா? அயலவர் முதலில் வேலியோரம் வந்து பேசட்டும். வளர்ப்பவர் அதற்கும் முன்பாகச் சங்கிலியை அவிழ்க்கட்டும்.