அழகாய் இருந்தால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு)



விடுதிக்குப் பின்பக்கம் சுற்றுச்சுவர் இல்லாத இடத்தில் செடி வேலி அமைப்பது என்று நம் மாணவர் பேரவை முடிவு செய்திருக்கிறது. நல்ல முடிவு. ஆனால் எந்தச் செடி என்பதில்தான் இரண்டு கட்சி! "லான்டானா வைப்போம்டா. நர்சரியில மஞ்சள், வெள்ளை, ரோஸ்னு கலர் கலரா இருக்கு. தண்ணி ஊத்த வேண்டாம், ஆடு மாடு தின்னாது, பட்டாம்பூச்சி வரும்" என்பது ஒரு கட்சி. "அது வெளிநாட்டுச் செடி. வெளிநாட்டுச் செடி எதுவுமே வேண்டாம்" என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இரண்டாம் கட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெடுதல் என்றால் நம் மெஸ்ஸில் நாளை முதல் சாம்பார் கிடையாது! மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. கொய்யாவும் முந்திரியும் அப்படித்தான். அலுவலகத்தின் முன்னால் சிரிக்கிறதே காகிதப்பூ, அது பிரேசில் நாட்டுக் கொடி. 1767-ல் ரியோ டி ஜெனிரோவில் கொம்மெர்சன் என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞர் அதைக் கண்டார். அவர் வந்த கப்பல் பயணத்தின் தலைவர் பூகன்வில் பெயர்தான் அதற்கு வந்தது. இத்தனை காலமாகியும் அது நம் காட்டைப் பிடித்துக்கொள்ளவில்லை. காரணம், இங்கே அது விதை கட்டுவது அரிது. நாம் குச்சி நட்டால்தான் உண்டு. வந்த விருந்தாளி திண்ணையோடு நின்றுகொண்டது!

ஆகவே கேட்க வேண்டியது "எந்த ஊர்ச் செடி?" என்பதல்ல. "என்ன குணம்?" என்பதே.

இப்போது லான்டானாவுக்கு வருவோம். பெயரைக் கேட்டு ஏதோ புதுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம உண்ணிச்செடிதான் அது! அமெரிக்க வெப்ப மண்டலத்தைச் சேர்ந்த இந்தச் செடியை 1800-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் பூந்தோட்ட அழகுக்காகத்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது அவர்கள் சொன்னதும் இன்று நாம் சொல்வதும் ஒன்றுதான்: பார்க்க அழகா இருக்கு!

பிறகு என்ன நடந்தது? பழத்தை மைனாவும் கொண்டைக்குருவியும் தின்றன. எச்சம் விழுந்த இடமெல்லாம் முளைத்தது. 2020-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, நம் நாட்டில் புலிகள் வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேலான பரப்பில் இது பரவியிருக்கிறது. முதுமலைக்கோ சத்தியமங்கலம் காட்டுக்கோ போய்ப் பாருங்கள். புதர் மண்டிய இடத்தில் புல் முளைக்காது. புல் இல்லையென்றால் மான் எங்கே மேயும்? இப்படிப்பட்ட செடிகளை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்றே தமிழக அரசு 2022-ல் ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றுவதும் லேசு இல்லை. மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். தீ வைத்தாலும் தூரிலிருந்து கிளம்பும். தூருக்குக் கீழே வேரை வெட்டி எடுக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு தின்னாது, வெட்டினாலும் வளரும்... எந்தக் குணங்களுக்காக அதை வேலிக்கு நல்லது என்கிறோமோ, அதே குணங்களால்தான் அது காட்டைப் பிடித்தது!

"ஆடு தின்னாது" என்பதும் பாதி உண்மைதான். பச்சை கிடைக்கும்வரை தின்னாது. கோடையில் வேறு ஒன்றும் இல்லாவிட்டால் வாய் வைக்கும். உண்ணி இலையில் லான்டடீன் என்ற நஞ்சு இருக்கிறது. அது கல்லீரலைக் கெடுக்கும். கண் மஞ்சளாகும், வெயில் பட்ட தோல் புண்ணாகும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். இரண்டு கிடாய் விற்ற பணத்தில்தான் என் முதல் வருஷக் கட்டணம் கட்டினோம். ஒரு வறட்சி வருஷத்தில் சினை ஆடு ஒன்று உண்ணி தின்று ஒரு வாரம் கிடந்து செத்தது. "ஆடு போகல கண்ணு, உன்ற ஒரு வருஷப் படிப்புல பாதி போச்சு" என்று அம்மா சொன்னது எனக்கு மறக்காது. விடுதிக்குப் பின்னால் இருப்பது வெறும் பொட்டல் என்று நமக்குத் தோன்றலாம். பக்கத்துக் காலனிக்காரர்களுக்கு அது மேய்ச்சல் நிலம். நம் அழகுக்கு அவர்கள் ஏன் ஆடு கொடுக்க வேண்டும்?

"இப்ப வர்றது விதையில்லா ரகம்" என்று நண்பர் ஒருவர் வாதாடினார். சில ரகங்கள் அப்படி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் மகரந்தம் காட்டு உண்ணியோடு சேரலாமே? மேலும், நர்சரி பாக்கெட்டில் எந்த ரகம் என்று யார் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்?

"கூடலூரில் உண்ணிக் குச்சியில் ஆளுயரத்துக்கு மேல் யானை செய்து லண்டன் வரை அனுப்பினார்களே, அதனால் வருமானம் இல்லையா?" என்றும் கேட்கிறார்கள். உண்டு. பழங்குடி மக்களின் அந்தக் கைத்திறனுக்கு என் வணக்கம். ஆனால் அது செடியை வெட்டி எடுத்ததால் வந்த கூலி. நட்டதால் வந்த லாபம் அல்ல!

பசுமை வேலி என்று ஊரெல்லாம் நட்ட கோனோகார்பஸ் என்ன ஆயிற்று? குஜராத் 2023-ல் தடை செய்தது, தமிழ்நாடு 2025-ல் தடை செய்தது. முதலில் நடுவது, அப்புறம் தடை போடுவது, அப்புறம் பிடுங்கக் காசு தேடுவது! அஸ்திவாரம் தோண்டும் முன் மண்ணைச் சோதிக்க வேண்டும் என்று படிக்கிற நாம், செடி நடும் முன் அதன் குணத்தைச் சோதிக்க வேண்டாமா?

நான் சொல்லும் சோதனை மூன்றே கேள்விதான். பறவையோ காற்றோ கொண்டுபோய் அது தானாகப் பரவுமா? மேயும் உயிருக்கு ஆபத்தா? வேண்டாம் என்றால் நம்மால் முழுதாக எடுக்க முடியுமா? காகிதப்பூ தேறுகிறது. உண்ணி மூன்றிலும் தோற்கிறது.

அப்படியானால் என்ன நடலாம்? கொங்கு நாட்டுத் தோட்டங்களில் காலங்காலமாக நிற்கும் கிளுவை வேலி இருக்கிறது. குச்சி ஊன்றினால் போதும். ஆடு தொடாததாலேயே ஆடாதொடை என்று பெயர் பெற்ற செடி இருக்கிறது. நொச்சி இருக்கிறது. பூ வேண்டும் என்பவர்களுக்கு வெட்சி, அதாவது நம் இட்லிப்பூ. பட்டாம்பூச்சியும் அதைத் தேடி வரும். முதல் கோடைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும், உண்மைதான். விடுதியில் இருக்கும் நாம் முறை வைத்து ஆளுக்கு ஒரு குடம் ஊற்றினால் தீர்ந்தது.

நாம் மூன்று வருஷத்தில் டிப்ளமோ வாங்கிக்கொண்டு போய்விடுவோம். நட்ட செடி போகாது. ஆகவே பேரவை நண்பர்களே, பணம் கொடுக்கும் முன் அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதிலைப் பார்த்துப் பிறகு குழி தோண்டுங்கள்!