கவுன்சிலரிலிருந்து எம்.பி. வரை: நடுவில் உங்க ஓட்டு எங்கே?

வீட்டுக்கு முன்னாடி கால்வாய் அடைச்சுக்கிச்சு. குப்பை லாரியும் வரல. யாரைக் கூப்பிடுவீங்க? உங்க பகுதி கவுன்சிலரை. ஆனால், அவருக்கு நீங்க ஓட்டுப் போட்டதே இல்லை.

ஏன்?
நம் நாட்டில் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976 ஊராட்சிச் சட்டம் அவற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இப்போது தீபகற்ப மலேசியாவில் மாநில அரசே கவுன்சிலர்களை நியமிக்கிறது. ஒரு மன்றத்தில் 8 முதல் 24 பேர் வரை. ஒரு தவணை அதிகபட்சம் 3 ஆண்டுகள். பெரும்பாலும் ஆளுங்கட்சிகள் கொடுக்கும் பெயர்கள்தான்.

அப்புறம் எப்படி எம்.பி.?
ஸ்டீவன் சிம்மை எடுத்துக்குங்க. செபராங் பிறை நகராண்மைக் கழக உறுப்பினராக இருந்தவர், 2013 பொதுத் தேர்தலில் புக்கிட் மெர்தாஜாம் எம்.பி. ஆனார். 2023 டிசம்பரில் மனிதவள அமைச்சர்.

கால்வாய், தெருவிளக்கு, கடை லைசன்ஸ் என்று அலையும்போது தொகுதி மக்கள் பழக்கமாகிறார்கள். ஆனால், கவுன்சிலர் பதவிக்கும் சரி, வேட்பாளர் சீட்டுக்கும் சரி, பெயரை முடிவு செய்வது கட்சி. மக்கள் கடைசியில்தான் வருகிறார்கள். அதனால், நல்லா வேலை செய்யும் கவுன்சிலருக்குக் கட்சியில் ஆதரவு இல்லையென்றால், பயணம் அங்கேயே நின்றுவிடலாம்.

நீங்க என்ன செய்யலாம்?
மன்றக் கூட்டங்கள் பொதுவாகப் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்க. நாளைக்கு அதே கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வரும்போது, அந்தக் கால்வாய் என்னாச்சுன்னு கேளுங்க.