புதுசா பழசானு கேக்காதீங்க, எந்தத் தலைமுறைனு கேளுங்க

"நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற?"

இந்தக் கேள்விக்குப் பயப்படாத மெக்கானிக்கல் பசங்க நம்ம காலேஜ்ல யாராவது இருக்கீங்களா? வீட்ல மிக்ஸி ஓடலைன்னாலும் நம்மதான், பக்கத்து வீட்டுக்காரர் பைக் வாங்கினாலும் நம்மதான். இந்த லீவுல எனக்கு வந்த கேள்வி கொஞ்சம் பெரிசு. நீளம் மட்டுமே கிட்டத்தட்ட 5.9 மீட்டர். நம்ம ஊர்க் குட்டி யானையை ஒன்றரை தடவை வரிசையா நிறுத்தினால் வரும் நீளம்.

அக்காவும் அத்தானும் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டன் பக்கம். அங்கே வார இறுதிகளில் கோயில் திருவிழா, தமிழ்ச் சங்க விழான்னு சாப்பாட்டுக் கடை போடுகிறார்கள். போன வருஷம் ஒரு சமையல் ட்ரெய்லர் வாங்கினார்கள். அதை இழுக்க ஒவ்வொரு வாரமும் வாடகைக்கு வண்டி எடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அதனால் சொந்தமாக ஒரு பிக்கப் ட்ரக், அதுவும் அமெரிக்கர்கள் 'ஃபுல் சைஸ்' என்று சொல்கிற பெரிய ட்ரக் வாங்குவது என்று முடிவு. வீடு வாங்கச் சேர்த்து வைத்த பணத்தில் கை வைக்கணும். அத்தான் கேட்டது ஒரே கேள்விதான்: "மாப்ள, புதுசு வாங்கவா, பழசு வாங்கவா?"

இந்த மாதிரி ட்ரக்கில் நான் ஏறி உட்கார்ந்ததுகூட இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் ரீகால் அறிக்கைகள், பிரித்துப் போட்ட எஞ்சின் வீடியோக்கள், ஓனர் மேனுவல்கள் என்று மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. அத்தானுடைய கேள்வியே தப்பு. புதுசா பழசா என்பது வண்டியைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. எந்தத் தலைமுறை, அதில் எந்த எஞ்சின், எந்த வருஷத்து மாற்றத்துக்கு முன்னால் வந்தது, பின்னால் வந்தது, இதுதான் சொல்லும்.

ஃபோர்டு எஃப்-150-ஐ எடுத்துக்குங்க. எஃப் வரிசை 1977-லிருந்து அமெரிக்காவில் அதிகம் விற்கும் ட்ரக். பேர் மாறவே இல்லை, வண்டி அடியோடு மாறிக்கொண்டே இருக்கிறது. 2001 மாடலை அங்குள்ள ஐ.ஐ.எச்.எஸ். என்ற காப்பீட்டு நிறுவனங்களின் சோதனை அமைப்பு முன்பக்கமாக மோதிப் பார்த்தபோது கிடைத்த மதிப்பு 'மோசம்'. டிரைவர் உட்காரும் இடமே நசுங்கிப்போனது. புது வடிவத்தில் வந்த 2004 மாடலுக்கு அதே சோதனையில் 'நன்று'. சரி, அப்போ 2004 என்று பேப்பரில் இருந்தால் வாங்கலாமா? அங்கேதான் வேடிக்கை. 2004-ல் பழைய உடம்பையும் 'ஹெரிடேஜ்' என்று பேர் வைத்துக் கூடவே விற்றார்கள். வருஷம் ஒன்று, பேர் ஒன்று, விபத்தில் நடப்பது வேறு. இந்தப் பழக்கம் ஃபோர்டுக்கு மட்டும் இல்லை. செவர்லே சில்வராடோவில் 2007-ல் புதுசும் 'கிளாசிக்'கும் சேர்ந்து வந்தன. ராம் 1500 2019-ல் புதுத் தலைமுறைக்குப் போன பிறகும் பழைய உடம்பு 'கிளாசிக்' என்ற பேரில் பல வருஷம் ஓடியது. ஆக, விளம்பரத்தில் இருக்கும் வருஷத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீங்க.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2009-லிருந்து 2014 வரை எஃப்-150 ஒரே உடம்பு. வெளியே பார்த்தால் 2010-க்கும் 2011-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பானட்டைத் திறந்தால் இரண்டும் வேறு வேறு வண்டி. 2010 வரை அதில் 5.4 லிட்டர் ட்ரைடன் வி8 வந்தது. சிலிண்டருக்கு மூன்று வால்வு உள்ள இந்த எஞ்சினின் பேர் அங்குள்ள மெக்கானிக்குகளிடம் நல்லா இல்லை. கேம் ஷாஃப்டின் டைமிங்கை மாற்றும் ஃபேசருக்கு ஆயில் அழுத்தம் சரியாகக் கிடைக்காமல், சூடான பிறகு ஐடிலில் டக்டக்கென்று சத்தம் வரும். அது போகட்டும். இந்த எஞ்சினின் தொடக்க வருஷங்களில் ஸ்பார்க் பிளக்கையே இரண்டு துண்டாகச் செய்து ஒட்டியிருந்தார்கள். கார்பன் படிந்து இறுகிவிட்டால், கழற்றும்போது கீழ்த்துண்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே உடைந்து நிற்கும். அதை எடுக்க என்றே தனி டூல் விற்கிறார்கள் என்றால் பார்த்துக்குங்க. ஒரு பிளக் மாற்றுவது அரை மணி நேர வேலை என்று நாம் லேப் ரெக்கார்டில் எழுதுகிறோம்!

2011-ல் இதையெல்லாம் தூக்கிவிட்டு 5.0 லிட்டர் வி8-ம், இரட்டை டர்போ வைத்த 3.5 லிட்டர் எக்கோபூஸ்ட் வி6-ம் கொண்டுவந்தார்கள். அந்த முதல் எக்கோபூஸ்டிலும் இன்டர்கூலரில் ஈரம் சேர்வது, டைமிங் செயின் நீள்வது என்று புகார்கள் வந்தன. 5.0 ஓரளவு நிம்மதியான எஞ்சின். ஒரே உடம்பு, ஒரு வருஷ வித்தியாசம், ஆனால் ஒன்றை நான் அத்தானுக்குச் சொல்வேன், மற்றதைச் சொல்ல மாட்டேன்.

"இவ்வளவு தலைவலி எதுக்கு, புதுசே வாங்கிடலாமே" என்றார் அத்தான். புதுசுக்கு வாரண்டி இருக்கு, அதை நான் மறுக்கவில்லை. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பெரும்பாலும் 5 வருஷம் அல்லது 60,000 மைல். ஆனால் புதுசு என்றால் பிரச்சினை இல்லை என்பதை மட்டும் ஒத்துக்க முடியாது.

டொயோட்டா டண்ட்ராவைப் பாருங்க. 2007-லிருந்து 2021 வரை அதே 5.7 லிட்டர் வி8-ஐ விற்றுக்கொண்டிருந்தார்கள். பெட்ரோலைக் குடிக்கும், லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் லூசியானாவில் ஒருவர் 2007 டண்ட்ராவைப் பத்து லட்சம் மைல் ஓட்டினார். அதை டொயோட்டாவே திரும்ப வாங்கி, அவருக்குப் புது ட்ரக் கொடுத்துவிட்டு, பழசைப் பிரித்து ஆராய்ந்தது. அப்படிப்பட்ட கம்பெனி 2022-ல் வி8-ஐ நிறுத்திவிட்டு இரட்டை டர்போ வி6 போட்டது. 2024-ல் சுமார் ஒரு லட்சம் வண்டிகளுக்கு ரீகால். காரணம் என்ன தெரியுமா? தயாரிப்பின்போது வெட்டிய உலோகத் துகள்கள் எஞ்சினுக்குள்ளேயே சுத்தம் செய்யப்படாமல் தங்கி, கிராங்க் ஷாஃப்டின் மெயின் பேரிங்கைக் கெடுத்தன. லேத்தில் வேலை முடிந்ததும் "சிப்பைத் துடைடா" என்று நம்ம லேப் அண்ணன் கத்துவாரே, அந்தச் சிப்தான். அவரை நான் இனிமேல் கிண்டல் பண்ண மாட்டேன்.

அடுத்து 2025 ஏப்ரல். ஜெனரல் மோட்டார்ஸ் 2021 முதல் 2024 வரையிலான 6.2 லிட்டர் வி8 வண்டிகளை ரீகால் செய்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம். கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு பேரிங் தயாரிப்பில் குறை. சோதனையில் தேறாத வண்டிக்கு எஞ்சின் மாற்றம், தேறினால் இன்னும் கெட்டியான ஆயில். அந்த வரிசையின் விலை உயர்ந்த மாடல்களில் வருகிற எஞ்சின் இது.

ஜி.எம்.மின் 5.3 லிட்டர் வி8 கதை வேறு மாதிரி. 2007 தலைமுறையிலிருந்து, தேவையில்லாத நேரத்தில் எட்டில் நான்கு சிலிண்டரை அணைத்துவிடும் ஏற்பாடு அதில் வந்தது. எரிபொருள் மிச்சம். ஆனால் அதற்காக வைத்த தனி லிஃப்டர்கள் சில வண்டிகளில் ஒட்டிக்கொண்டு, கேம் ஷாஃப்டையும் சேர்த்துக் கெடுத்தன. 'ஒரு தலைமுறையின் கடைசி வருஷத்தை வாங்கு, அதற்குள் எல்லாக் குறையும் சரியாகியிருக்கும்' என்று ஒரு சூத்திரம் எல்லோரும் சொல்வார்கள். இங்கே அது பலிக்காது. அடிப்படை வடிவமைப்பே அப்படி என்றால் கடைசி வருஷம் என்ன செய்யும்?

என் கணக்கில் பெரும்பாலான வாங்குபவர்கள் கோட்டை விடும் இடம் எஞ்சின்கூட இல்லை, கதவு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று, அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கே போட்டிருப்பார்கள். விளம்பரத்தில் "10,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும்" என்று பெரிதாக வரும். அத்தான் மனசு வைத்திருந்த புது வண்டியில் கண்ணாடிக் கூரை, தோல் சீட், இருபது இன்ச் வீல், எல்லாம் உண்டு. அதெல்லாம் எடைதானே? ஸ்டிக்கரில் இருந்தது 1,400 பவுண்டு.

நான் போட்ட கணக்கு இது. ட்ரெய்லர் நிறைந்த நிலையில் 5,500 பவுண்டு. அதில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் அழுத்தும். 700 என்று வைத்துக்கொள்வோம். அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 550. பின்தொட்டியில் ஜெனரேட்டர், மாவு டப்பா, தண்ணீர் கேன் ஒரு 250. மொத்தம் 1,500. பத்தாயிரத்தை இழுக்கும் என்று சொன்ன வண்டி, இட்லி மாவுக்கே தாங்காது. அத்தான் போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஷோரூமில் யாரும் இதைச் சொல்லவில்லையாம். கேட்கிறவர்களுக்குக்கூடச் சொல்வார்களா என்பது என் சந்தேகம்.

சரி, பழசு பார்ப்போம் என்று இறங்கினோம். நான் கொடுத்த முதல் வேலை ஓடோமீட்டரை நம்பாதே என்பது. பல மாடல்களில் மீட்டர் மெனுவுக்குள் எஞ்சின் ஓடிய மணி நேரமும் இருக்கும். மைலை மணியால் வகுத்தால் சராசரி வேகம், எட்டாம் வகுப்புக் கணக்கு. 61,000 மைல்தான் ஓடியது என்று ஒரு வண்டி வந்தது, 4,300 மணி. மணிக்கு 14 மைல். ஏதோ வேலைத்தளத்தில் ஏ.சி.க்காக நாள் முழுக்க ஆன் செய்து நிறுத்திய வண்டியாகத்தான் இருக்கணும். மைல் குறைவு, ஆனால் எஞ்சின் கிழவன்.

அப்புறம் துரு. டெக்சாஸ் சாலையில் உப்பு போடுவது ரொம்பக் குறைவு. ஆனால் பனிக்கு உப்பு கொட்டும் மிச்சிகன், ஒஹையோ வண்டிகள் தெற்கே வந்து விற்பனைக்கு நிற்கும். 2015 எஃப்-150-ன் உடம்பு அலுமினியம், எடை 700 பவுண்டு வரை குறைந்தது, அதனால் துருவே பிடிக்காது என்று விற்பவர்கள் சொல்வார்கள். உடம்புதான் அலுமினியம். சேசிஸ் இன்னும் ஸ்டீல். முதல் தலைமுறை டண்ட்ரா சேசிஸ் துருவுக்காகவே ரீகால் ஆன வண்டி. கீழே படுத்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. ஹூஸ்டனில் இன்னொன்றும் உண்டு, 2017 ஹார்வி புயல் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள். சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்துப் பார்த்தால் உள்பகுதியில் சேற்றுக் கோடு தெரியும்.

இதைப் படிக்கும் சிலர் கேட்கலாம், பழசில் பாதுகாப்பு வசதி குறைவுதானே என்று. ஆமாம், குறைவுதான். தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி எல்லாம் பழசில் எதிர்பார்க்க முடியாது. பிள்ளைகள் ஏறுகிற வண்டி என்பதால் 2015-க்கு முன்னால் போகவே வேண்டாம் என்று நான் ஒரு கோடு போட்டேன். என் முடிவில் எனக்கே முழுத் திருப்தி இல்லாத இடம் இதுதான்.

கடைசியில் நான் சொன்னது 2017 எஃப்-150, 5.0 லிட்டர். 2018-ல் அதே எஞ்சினை மாற்றியமைத்துப் பத்து கியரும் கொடுத்தார்கள். ஆயில் குறைகிறது, கியர் உதறுகிறது என்ற புகார்கள் அதற்குப் பிறகுதான் அதிகம் வந்தன. 2017-ல் 5.0-வுக்குப் பழைய ஆறு கியர். சான் அன்டோனியோவில் ஒன்று கிடைத்திருக்கிறது. 88,000 மைல், 2,600 மணி, ஸ்டிக்கரில் 1,780 பவுண்டு. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் வீடியோவை அனுப்பச் சொல்லி மூன்று தடவை கேட்டேன். நான் அதை ஹெட்ஃபோனில் ஒரு இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

இந்தச் சனிக்கிழமை ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கப் போகிறார்கள். அக்காவுக்கு ஓகே. அத்தானுக்குத்தான் கண்ணாடிக் கூரை இல்லையே என்று இன்னும் மனசு ஆறவில்லை.