பார்வையைப் பரிமாறலாம், வாடிக்கையாளரைப் பரிமாற முடியாது

வீட்டிலிருந்தே இணையத்தில் சம்பாதிக்க வழிகாட்டுகிறவர்கள் கடைசியில் ஒரு யோசனைக்கு வந்து சேர்வார்கள். “அடுத்தவர் தளத்தில் விளம்பரம் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள். விளம்பரம் பரிமாறும் தளத்தையே நீங்கள் தொடங்குங்கள். மென்பொருள் மலிவு. உறுப்பினர்களே உறுப்பினர்களைக் கூட்டிவருவார்கள். நீங்கள் தூங்கும்போதும் பணம் வரும்.” வேலை தேடும் இளைஞர்கள், ஓய்வு பெற்றவர்கள், வீட்டை விட்டு வெளியே போய் வேலை பார்க்க முடியாத பெண்கள் என்று பலரும் இதை நம்பி நேரத்தையும் சேமிப்பையும் போடுகிறார்கள். அதனால்தான் இதற்கு வரிசையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தத் தளங்கள் இயங்கும் விதம் எளிது. டிராஃபிக் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தவர் மற்ற உறுப்பினர்களின் பக்கங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் 10 அல்லது 15 விநாடி காத்திருக்க வேண்டும். அதற்குக் கிரெடிட் கிடைக்கும். அந்தக் கிரெடிட்டுக்கு ஈடாக அவருடைய பக்கம் மற்றவர்களுக்குக் காட்டப்படும். சேஃப்லிஸ்ட் என்பது இதன் மின்னஞ்சல் வடிவம். மற்றவர்களின் விளம்பர மடலைத் திறந்து இணைப்பைச் சொடுக்கினால் கிரெடிட், அதைக் கொண்டு நம் மடலை அனுப்பலாம். கிரெடிட்டைக் காசுக்கு விற்பது, ‘அப்கிரேடு’ செய்பவர்களிடம் மாதச் சந்தா வாங்குவது, முகப்பில் பேனர் இடம் விற்பது ஆகியவை உரிமையாளரின் வருமானம்.

இந்தத் தொழில் மொத்தமும் மோசடி என்று நான் சொல்லவில்லை. அளவறிந்து, உண்மை சொல்லி நடத்துகிறவர்கள் உண்டு. ஆனால் இதைத் தொடங்கச் சொல்லி முன்வைக்கப்படும் வாதங்களில் ஒன்றுகூட முழுதாகத் தேறவில்லை.

“சின்ன முதலீடு போதும்”

ஸ்கிரிப்டும் ஹோஸ்டிங்கும் மலிவுதான். ஆனால் உறுப்பினர் இல்லாத பரிமாற்றத் தளத்தில் பரிமாற எதுவும் இல்லை. முதல் ஆயிரம் பேரைச் சேர்க்க உரிமையாளரே வேறு தளங்களில் விளம்பரம் வாங்க வேண்டும். சேர்கிறவர்களைக் கவர இலவசக் கிரெடிட் அள்ளிக் கொடுக்கவும் வேண்டும். பெரும்பாலோர் கணக்குப் போடாமல் விடும் இடம் இந்த இலவசக் கிரெடிட்.

ஒரு கிரெடிட் என்பது “உங்கள் பக்கத்தை ஒருவர் பார்ப்பார்” என்ற வாக்குறுதி. ஆயிரம் பேருக்குத் தலைக்கு 500 கிரெடிட் கொடுத்தால், உரிமையாளர் 5 லட்சம் பார்வைகளுக்குக் கடன்பட்டவர் ஆகிறார். தளத்தில் தினமும் 100 பேர் உட்கார்ந்து ஆளுக்கு 100 பக்கம் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 10,000 பார்வை. இரண்டு பக்கம் பார்த்தால் ஒரு கிரெடிட் என்ற விகிதத்தில், அந்த 100 பேருக்கும் தினமும் 5,000 புதிய கிரெடிட் சேரும். அதைக் கழித்தால் பழைய கடனை அடைக்க மிஞ்சுவது 5,000 பார்வை. கடன் முழுதும் தீர 100 நாள் ஆகும். அதுவரை காசுக்கு விற்க ஒரு பார்வைகூட மிஞ்சாது. அப்படியும் விற்றால், கொடுக்க முடியாததை விற்கிறார் என்று பொருள். பல சிறு தளங்களில் “என் கிரெடிட் அப்படியே கிடக்கிறது, பக்கம் காட்டப்படவே இல்லை” என்ற புகார் இங்கிருந்துதான் பிறக்கிறது.

“ஒருமுறை அமைத்தால் தானாக ஓடும்”

ஓடாது. உறுப்பினர் பதியும் ஒவ்வொரு பக்கத்தையும் யாராவது ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். அதில் நச்சு மென்பொருள் இருக்கலாம், ஆபாசப் படம் இருக்கலாம், வங்கியின் பக்கம் போலப் போலியாகச் செய்த பக்கம் இருக்கலாம். பார்ப்பவரின் திரையில் மேலே ஒரு பட்டை இருக்கும். அதில் விநாடிகள் இறங்கிக்கொண்டிருக்கும். கீழே உள்ள சட்டகத்துக்குள் உறுப்பினரின் பக்கம் திறக்கும். சில பக்கங்கள் அந்தச் சட்டகத்தை உடைத்துக்கொண்டு முழுத் திரையையும் பிடித்துவிடும்; பார்ப்பவரின் விநாடிக் கணக்கு அறுந்துபோகும். கூகுள், ஃபேஸ்புக் போன்ற தளங்களின் பக்கங்கள் பிறர் சட்டகத்துக்குள் திறக்கவே மறுக்கும். அங்கே வெறும் வெள்ளைத் திரைதான் தெரியும். இவற்றையெல்லாம் தினமும் களைந்தாக வேண்டும்.

இதோடு ஏமாற்றுக்காரர்களும் உண்டு. ஒரே ஆள் பல கணக்குத் தொடங்குவார். ஆள் உட்காராமல் நிரலை வைத்துப் பக்கங்களைப் புரட்டுவார். இதைத் தடுக்கத்தான் ‘ஒரே மாதிரி இரண்டு படத்தில் ஒன்றைச் சொடுக்கு’ என்பது போன்ற சோதனைகள் வந்தன. சோதனையைக் கடுமையாக்கினால் உண்மையான உறுப்பினர் சலித்து விலகுவார். தளர்த்தினால் ரோபோக்கள் நிறைந்துவிடும். அந்த அளவை நிதானிப்பது மனிதரின் அன்றாட வேலை.

“உறுப்பினர் பெருகினால் விற்பனை பெருகும்”

இதுதான் எல்லா வாதங்களுக்கும் அடித்தளம். தொழிலின் அடிப்படைக் குறையும் இங்கேதான் இருக்கிறது.

15 விநாடி வீதம் ஒரு மணி நேரம் இடைவிடாமல் பார்த்தால் 240 பக்கம். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் 120 கிரெடிட். அதாவது உங்கள் பக்கத்தை 120 பேர், ஆளுக்கு 15 விநாடி பார்ப்பார்கள். கூட்டிப் பார்த்தால் 30 நிமிடம். உங்கள் ஒரு மணி நேரத்தைக் கொடுத்து அடுத்தவர்களின் அரை மணி நேரத்தை வாங்கியிருக்கிறீர்கள். மீதி அரை மணி உரிமையாளரின் கையிருப்பு. ஒன்றுக்கு ஒன்று கொடுக்கும் தளத்திலும் கொடுத்த நேரமே திரும்பி வருகிறது, கூடுதலாக ஒரு விநாடியும் வராது.

அந்த அரை மணி நேரத்தின் தரத்தையும் பாருங்கள். பார்ப்பவரின் கண் இறங்கும் எண்ணின் மேல் இருக்கிறது. அவர் எதையும் வாங்க வரவில்லை. தன் பக்கத்தை மற்றவர்கள் பார்ப்பதற்காக வந்திருக்கிறார். அவருக்கும் விற்க ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் அதுவும் இன்னொரு பரிமாற்றத் தளத்தின் ரெஃபரல் இணைப்பாகவோ, ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ என்ற அழைப்பாகவோ இருக்கும். எல்லோரும் கடை விரித்து, வாங்க ஒருவரும் வராத சந்தை அது. உறுப்பினர் நூறிலிருந்து பத்தாயிரம் ஆனால் கடைகள்தான் நூறு மடங்காகும்.

விளம்பர உலகமும் இந்தப் பார்வைகளை மதிப்பதில்லை. பணம் கொடுத்துச் சொடுக்கவைக்கும் திட்டங்கள், தானாகப் பக்கம் புரட்டும் தளங்கள், சொடுக்குப் பரிமாற்றங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் வருகையைக் கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் தன் விதிகளிலேயே தடை செய்திருக்கிறது. இத்தகைய தளத்தில் தன் பக்கத்தைப் பதிந்த புதியவரின் ஆட்சென்ஸ் கணக்கே பறிபோகலாம். அதை அவருக்கு முன்கூட்டியே சொல்லும் உரிமையாளர்கள் குறைவு.

“லிங்க்எக்ஸ்சேஞ்ச் கோடிகளுக்கு விலைபோனதே!”

போனது உண்மை. டோனி ஷேயும் சஞ்சய் மதனும் 1996-இல் தொடங்கிய லிங்க்எக்ஸ்சேஞ்சை 1998-இல் மைக்ரோசாஃப்ட் 26.5 கோடி டாலருக்கு வாங்கியது. உறுப்பினர் தன் தளத்தில் இரண்டு பேனரைக் காட்டினால் அவருடைய பேனர் வேறு இடத்தில் ஒருமுறை காட்டப்படும். மிஞ்சும் இடத்தை நிறுவனம் விளம்பரதாரர்களுக்கு விற்றது. விகிதம் இன்றைய தளங்களில் காண்பதுதான்.

ஆனால் அந்தப் பேனர்களைப் பார்த்தவர்கள் யார்? உறுப்பினர் தளங்களுக்கு இயல்பாக வந்த வாசகர்கள். சமையல் குறிப்பு தேடியோ கால்பந்துச் செய்தி தேடியோ வந்தவர்கள். பரிமாற்றத்தில் அவர்கள் உறுப்பினர் இல்லை. கிரெடிட்டுக்காகப் பார்க்கவும் இல்லை. வெளியிலிருந்து வந்த அந்த மக்கள்தான் நிறுவனத்தின் சொத்து. இன்றைய சிறு தளங்கள் விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாசகரை விட்டுவிட்டன. பெயரிலும் கணக்கிலும் ஒத்திருப்பதால் மட்டும் இரண்டும் ஒரே தொழில் ஆகிவிடாது.

“விளம்பரம் வாங்கினால் லாபத்தில் பங்கு தரலாம்”

எல்லாவற்றிலும் ஆபத்தான யோசனை இது. பார்வையை விற்று வருமானம் வராதபோது, உரிமையாளருக்கு இந்தச் சபலம் வருகிறது. விளம்பரப் பொட்டலம் ஒன்றை வாங்கி, தினமும் சில பக்கங்களைப் பார்த்தால், போட்ட பணத்துக்கு மேல் திரும்பி வரும் என்று அறிவிக்கிறார். கூட்டம் திரள்கிறது.

2006-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 12டெய்லிப்ரோ என்ற தளத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தது. 6 டாலர் கட்டி, தினமும் 12 பக்கம் பார்த்தால், 12 நாள் நாளுக்கு 12 சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்பது அதன் வாக்குறுதி. கூட்டினால் 144 சதவீதம். 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடமிருந்து 5 கோடி டாலருக்கு மேல் திரண்டிருந்தது. அடுத்து 2008-இல் ஃபுளோரிடாவின் ஆட்சர்ஃப்டெய்லி முடக்கப்பட்டது. அதை நடத்திய ஆண்டி பௌடோயினுக்கு 2012-இல் 78 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2016-இல் யூட்டாவின் டிராஃபிக் மான்சூன் சிக்கியது. 50 டாலருக்கு விளம்பரப் பொட்டலம் வாங்கினால் 55 டாலர் திரும்பும் என்றது அது. திரண்ட தொகை 20 கோடி டாலரைத் தாண்டியது. பணம் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர்கள்.

அந்த 50-ஐயும் 55-ஐயும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளம்பரத்துக்கு 50 வாங்கி 55 திருப்பிக் கொடுத்தால், உங்கள் விளம்பரத்தைக் காட்டியதற்கு அவர்கள் உங்களுக்கு 5 டாலர் தருகிறார்கள் என்று ஆகிறது. எந்தத் தொழிலும் அப்படி நடக்காது. அந்த 5 டாலர் அடுத்துச் சேர்கிறவரின் பணம்.

நம் நாட்டில் 2017-இல் நொய்டாவின் சோஷியல் டிரேடு வழக்கு வந்தது. ஒரு சொடுக்குக்கு 5 ரூபாய் என்று சொல்லி, ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் சுமார் 3,700 கோடி ரூபாய் வசூலிக்கப்பட்டதாக உத்தரப் பிரதேசக் காவல்துறை கூறியது. விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொன்ன மைவி3 ஆட்ஸ் நிறுவனத்துக்கு ஆதரவாக 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டதைத் தமிழகமே பார்த்தது. அந்த நிறுவனத்தின் மீதான வழக்கில் முடிவு சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் பார்ப்பதற்கே சம்பளம் உண்டு என்ற நம்பிக்கை நம்மிடையே எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதை அந்தக் கூட்டம் காட்டிவிட்டது.

சிறு தளம்தானே, யார் கண்டுகொள்வார்கள் என்று எண்ண வேண்டாம். பணச் சுழற்சித் திட்டங்களுக்கு எதிரான 1978-ஆம் ஆண்டுச் சட்டமும், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் நடப்பில் உள்ளன. ‘விளம்பரம்’ என்று பெயர் சூட்டிவிட்டால் வைப்புத் தொகை மறைந்துவிடாது.

“கடைசியில் மின்னஞ்சல் பட்டியலாவது மிஞ்சும்”

எந்தப் பட்டியல்? கிரெடிட்டுக்காகவே சேர்ந்தவர்கள், விளம்பர மடல்களுக்கென்று தனியாகத் திறந்த முகவரிகள். அவற்றில் மடல்கள் ஆயிரக்கணக்கில் படிக்காமல் கிடக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் மடல் அனுப்புகிறவர்கள் தங்கள் டொமைனுக்கு உரிய சான்றுகளை அமைக்க வேண்டும். விளம்பர மடலிலிருந்து ஒரே சொடுக்கில் விலக வழி தர வேண்டும். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தை எட்டாமல் காக்க வேண்டும். ஆயிரம் மடலில் மூன்று புகார் வந்தாலே அந்த வரம்பு எட்டிவிடும். உறுப்பினர்கள் எழுதும் எதையும் அனுப்பிக்கொண்டிருக்கும் சேஃப்லிஸ்டுக்கு அந்த வரம்புக்குள் நிற்பது பெரும்பாடு. வரம்பு மீறினால் அந்த டொமைனிலிருந்து போகும் நல்ல மடலும் சேர்ந்தே ஸ்பாமுக்குப் போகும்.

அப்படியானால் நடத்தவே கூடாதா?

நடத்தலாம். சொந்தமாக ஒரு பக்கம் செய்து பழகுகிறவருக்கு, அது வேறு கணினியில், வேறு நாட்டில் எப்படித் திறக்கிறது, எந்தத் தலைப்பு கொஞ்சமாவது நின்று பார்க்க வைக்கிறது என்று சோதிக்க இந்தத் தளங்கள் பயன்படும். ஒரே தொழிலில் இருக்கும் சில நூறு பேர் அறிமுகமாகி, கருவிகளையும் அனுபவத்தையும் பகிர்ந்துகொள்ள ஓர் இடம் கிடைக்கும். கருவி விற்பவருக்கு அந்தச் சில நூறு பேரே உண்மையான வாடிக்கையாளர்கள். இந்த அளவில் ஒரு சிறு சந்தா நியாயமானது.

அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. எத்தனை கிரெடிட் நிலுவையில் இருக்கிறது, நேற்று எத்தனை பக்கங்கள் பார்க்கப்பட்டன என்ற இரண்டு எண்களையும் உறுப்பினர்கள் காணும்படி முகப்பில் போட வேண்டும். கொடுக்கக்கூடிய பார்வைக்கு மேல் கிரெடிட் வழங்கவோ விற்கவோ கூடாது. ஆட்சென்ஸ் உள்ள பக்கத்தைப் பதியாதீர்கள் என்று சேரும்போதே சொல்ல வேண்டும். பார்ப்பதற்குப் பணம் தருவதாக ஒருபோதும் சொல்லக் கூடாது. முடிந்தால் லிங்க்எக்ஸ்சேஞ்ச் செய்ததைச் செய்ய வேண்டும்: இயல்பான வாசகர் உள்ள சிறு தளங்களைச் சேர்த்து, அவர்களுக்குள் பேனர் பரிமாற வேண்டும்.

தளம் தொடங்க நினைப்பவரும், தளத்தில் சேர நினைப்பவரும் பணம் கட்டுவதற்கு முன் ஒரே கேள்விக்கு விடை தேடுங்கள். இங்கே கடைசியாகக் காசு கொடுத்து ஒரு பொருளை வாங்கப்போவது யார்? கிரெடிட்டுக்காக வராத, உறுப்பினராகவும் இல்லாத ஒருவரைச் சுட்டிக்காட்ட முடிந்தால் துணிந்து தொடங்குங்கள். எல்லா விரல்களும் அடுத்துச் சேரப்போகும் உறுப்பினரையே காட்டினால், சேரவும் வேண்டாம், இன்னொருவரைச் சேர்த்துவிடவும் வேண்டாம்.