நம்புங்க, வாசிக்கிறது ஒரே ஆள்தான்!

'ஜாஸா? பெரிய ஹோட்டல் லிஃப்ட்ல ஓடுமே, அதானே?' என்று கேட்கும் கூட்டத்தில் போன செமஸ்டர் வரை நானும் ஒருத்தன். அரியர் பேப்பருக்காக ராத்திரி கண்முழிச்சுப் படிச்சப்போ, ரூம்மேட் ஒரு ஆல்பத்தைப் போட்டுவிட்டான். அன்னிக்கு சர்க்யூட் தியரி மண்டையில ஏறலை. டிரம்ஸ் ஏறிடுச்சு!

ஆல்பம் பேர் 'தி சோர்ஸ்'. 2017-ல் ப்ளூ நோட் நிறுவனம் வெளியிட்டது. டிரம்ஸ், நைஜீரியாவின் டோனி ஆலன். அப்போ தாத்தாவுக்கு வயசு 77!

குட்டி ஃப்ளாஷ்பேக். 1940-ல் லாகோஸ் நகரத்தில் பிறந்தவர். ரேடியோ ஸ்டேஷன் ஒன்றில் டெக்னிக்கல் வேலை பார்த்துக்கொண்டே, 18 வயசில்தான் டிரம்ஸ் பக்கம் வந்தார். குருன்னு யாரும் கிடையாது. ஆர்ட் பிளேக்கி, மேக்ஸ் ரோச் போன்ற அமெரிக்க ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டுக் கேட்டே கத்துக்கிட்டார். 1964-ல் ஃபெலா குட்டியோடு கூட்டணி. ஜாஸ், ஃபங்க், மேற்கு ஆப்பிரிக்காவின் ஹைலைஃப், யொரூபா தாளம் எல்லாத்தையும் கலந்து இவங்க கொடுத்ததுதான் ஆஃப்ரோபீட். 1979-ல் ஃபெலாவை விட்டு வெளியே வந்தார். 'தி சோர்ஸ்'-ல் ஆரம்பிச்ச இடத்துக்கே, அதாவது ஜாஸுக்கே திரும்பியிருக்கார்.

பயப்படாதீங்க, புரியாத ஜாஸ் இல்லை இது. மொத்தம் 11 டிராக். முதல் ரவுண்ட் சும்மா கேளுங்க, கால் தானா ஆடும். 'உல்ஃப் ஈட்ஸ் உல்ஃப்' அதுக்கு கேரன்டி. 'கூல் கேட்ஸ்' டிராக்கில் 'கொரில்லாஸ்' புகழ் டேமன் ஆல்பர்ன் கெஸ்ட்!

அடுத்த ரவுண்ட், ஹெட்போன் மாட்டிக்கிட்டு டிரம்ஸை மட்டும் ஃபாலோ பண்ணுங்க. ரெண்டு கை, ரெண்டு கால். நாலும் நாலு வேலை பார்க்கும், ஆனா ஒண்ணோட ஒண்ணு மோதாது. அதைவிட ஆச்சர்யம், மனுஷன் ஓங்கி அடிக்கிறதே இல்லை. டிரம்ஸ்னா ஸ்டேஜ் அதிரணும்னு நம்ம கல்ச்சுரல்ஸ்ல ஒரு நினைப்பு இருக்கே... இவர் மெதுவா தட்டுறார், மொத்த பேண்டும் அவர் பின்னாடி போகுது.

இதை ஏன் எழுதறேன்னா, ஃபர்ஸ்ட் இயர்ல காலேஜ் பேண்ட்ல சேரப் போனேன். 'டிரம்ஸெல்லாம் சின்ன வயசுலேயே ஆரம்பிச்சிருக்கணும் தம்பி'ன்னு ஒரு சீனியர் சிரிச்சுக்கிட்டே அனுப்பிட்டார். நானும் நம்பிட்டேன்.

இப்போ மூணு வாரமா ஹாஸ்டல் டேபிள்ல பிராக்டீஸ். ரெண்டு கையும் தனித்தனியா ஓடுது. வலது கால் சேர்ந்தா எல்லாம் சொதப்பல். பக்கத்து ரூம்ல புகார் வேற!

டோனி ஆலன் 2020 ஏப்ரல் 30-ல் பாரிஸில் காலமானார், 79 வயசில். கடைசி வரை வாசிச்சுக்கிட்டுத்தான் இருந்தார். அவர் ஆரம்பிச்சது 18-ல். எனக்கு இப்போ 20.

ரெண்டே வருஷம்தானே பாஸ் லேட்டு?