மூன்று பேர்... மூன்று தட்டுகள்! - இறைச்சி பற்றி ஆட்டிசம் உள்ளவர்கள் என்ன சொல்கிறார்கள்?

'சிக்கன் வேண்டாம்' என்று ஒரு பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டால், வீட்டில் என்ன பேச்சு வரும்? 'அடம்', 'செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு', 'பசிச்சா தானா சாப்பிடும்'. அந்தப் பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் இன்னொரு பதிலும் தயாராக இருக்கும். 'அது அப்படித்தான்... விடுங்க!'

எந்தப் பதிலிலும் 'ஏன் வேண்டாம்?' என்ற கேள்வி இல்லை. வாசனை பிடிக்கவில்லையா, வாயில் வைத்ததும் குமட்டுகிறதா, அல்லது கோழி பாவம் என்று தோன்றுகிறதா? இவை மூன்றும் வேறு வேறு காரணங்கள். மூன்றுக்கும் ஒரே பதில் சொன்னால், அந்தப் பிள்ளை சொல்லவந்ததை நாம் கேட்கவே இல்லை என்று அர்த்தம்.

ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் தங்கள் உணவைப் பற்றித் தாங்களே பேசியும் எழுதியும் இருக்கிறார்கள். இறைச்சி விஷயத்தில் அவர்கள் எல்லோருக்கும் ஒரே கருத்தும் இல்லை. உலகம் அறிந்த மூன்று பேரின் தட்டுகளைப் பார்த்தாலே அது புரியும்.

மாட்டின் கண்ணால் பார்த்தவர்

முதலாமவர், அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின். 1947-ல் பாஸ்டனில் பிறந்தவர். மூன்றரை வயதுவரை பேச்சு வரவில்லை. பின்னாளில் விலங்கு அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கி, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இவரின் வாழ்க்கையை ஹெச்.பி.ஓ நிறுவனம் 2010-ல் திரைப்படமாக எடுத்தது.

பதின்ம வயதில், அரிசோனாவில் இருந்த அத்தையின் பண்ணைக்குப் போனார் டெம்பிள். அங்கே தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை இரண்டு பக்கமும் அழுத்தி நிறுத்தும் ஒரு சட்டம் இருந்தது. அந்த அழுத்தத்தில் மாடுகள் அமைதியாவதைக் கவனித்தார். அடிக்கடி பதற்றத்தில் தவித்த அவர், தானும் அதற்குள் போய் நின்றார். மனசு அமைதியானது. பிறகு தனக்கென்று அதேபோல ஒரு கருவியையே செய்துகொண்டார்.

மாடுகளுக்கும் இவருக்குமான உறவு அங்கிருந்து வளர்ந்தது. இறைச்சிக்கூடங்களில் மாடுகள் ஏன் மிரண்டு நிற்கின்றன என்று பார்க்க, அவை நடந்து போகும் பாதையில் இவரே இறங்கி நடந்தார். தரையில் விழும் நிழல், தொங்கி ஆடும் சங்கிலி, தண்ணீரில் மின்னும் வெளிச்சம், வேலியில் யாரோ மாட்டிவிட்டுப்போன கோட்... மனிதர்கள் கண்டுகொள்ளாத இந்தச் சின்னச் சின்ன விஷயங்கள்தான் மாடுகளை மிரட்டுகின்றன என்று கண்டுபிடித்தார். மாடுகள் மிரளாமல் நடக்க வளைந்த பாதைகளை வடிவமைத்தார். இறைச்சிக்கூடங்களில் விலங்குகள் எப்படி நடத்தப்படுகின்றன என்பதை எண்களால் அளந்து தணிக்கை செய்யும் முறையையும் உருவாக்கினார்.

இவ்வளவு தூரம் மாடுகளைப் புரிந்துகொண்டவர் இறைச்சி சாப்பிடலாமா? டெம்பிள் சாப்பிடுகிறார். வீகன் இயக்கத்தினர் பலர் இதற்காக அவரை விமர்சிக்கிறார்கள். அவரின் பதில் இரண்டு பகுதி கொண்டது. ஒன்று, மனிதர்கள் வளர்க்காவிட்டால் அந்த மாடுகள் பிறந்தே இருக்காது. ஆகவே, அவற்றுக்கு நல்ல வாழ்க்கையும் வலியில்லாத முடிவும் தருவது நம் கடமை. இரண்டு, அவரின் உடம்பு. விலங்குப் பொருளே இல்லாத உணவை முயன்று பார்த்ததாகவும், தலை கிறுகிறுத்து வேலையே செய்ய முடியாமல் போனதால் அதை விட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறார்.

இது அவரின் உடம்பு சொன்ன பதில். எல்லோருக்குமான விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வல்லூறு வளர்த்த சிறுவன்

இரண்டாமவர், பிரிட்டனின் கிறிஸ் பேக்கம். பி.பி.சி-யின் இயற்கை நிகழ்ச்சிகள் மூலம் அந்நாட்டில் வீடு வீடாகத் தெரிந்த முகம். 14 வயதில் கெஸ்ட்ரல் என்ற சிறிய வல்லூறு ஒன்றை வளர்த்தார். மனிதர்களோடு பழகத் தெரியாமல் தனித்துக் கிடந்த அந்தச் சிறுவனுக்கு அந்தப் பறவைதான் உலகம். அது இறந்தபோது அவர் உடைந்துபோனதை, பல ஆண்டுகள் கழித்து வெளிவந்த தன் நினைவுக்குறிப்புப் புத்தகத்தில் பதிவுசெய்தார்.

தனக்கு ஆட்டிசம் இருப்பது கிறிஸுக்கு உறுதியானதே நாற்பது வயதைக் கடந்த பிறகுதான். 2017-ல் வெளியான பி.பி.சி ஆவணப்படத்தில் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். ஆட்டிசத்தை 'குணப்படுத்தும்' சிகிச்சை ஒன்று கிடைத்தாலும் தனக்கு அது வேண்டாம் என்பதே அவரின் நிலைப்பாடு. 2019-ல் அவர் வீகன் ஆனார். விலங்குகளின் துன்பமும் சுற்றுச்சூழலும் அவர் தொடர்ந்து பேசும் விஷயங்கள்.

டெம்பிளும் கிறிஸும் ஆட்டிசம் உள்ளவர்கள். இருவருமே விலங்குகளைக் கூர்ந்து கவனிக்கும் பழக்கத்தைத் தங்கள் தொழிலாக ஆக்கிக்கொண்டவர்கள். ஆனால், ஒருவர் தட்டில் இறைச்சி இருக்கிறது; இன்னொருவர் தட்டில் பாலும் முட்டையும்கூட இல்லை.

ஒரே தட்டில் இரண்டு காரணங்கள்

மூன்றாமவர், ஸ்வீடனின் கிரேட்டா துன்பெர்க். 2018 ஆகஸ்ட்டில் பள்ளிக்குப் போகாமல் நாடாளுமன்றத்தின் முன்பு பதாகையோடு உட்கார்ந்த மாணவி. அதற்கு முன்பு அவர் பட்டபாடு பலருக்குத் தெரியாது. 11 வயதில் பேசுவதையும் சாப்பிடுவதையும் நிறுத்தினார். இரண்டே மாதங்களில் சுமார் 10 கிலோ எடை குறைந்தார். அதன் பிறகே ஆட்டிசம், எண்ணச் சுழல் நோய் இரண்டும் இருப்பது உறுதியானது.

அந்த நாள்களைக் கிரேட்டாவின் அம்மா, ஆபரா பாடகி மலேனா எர்ன்மன், விரிவாக எழுதியிருக்கிறார். மகள் எதை, எவ்வளவு நேரத்தில் சாப்பிட்டாள் என்று சுவரில் ஒட்டிய தாளில் குறித்து வைத்தார்கள். உருளைக்கிழங்கு மாவில் செய்யும் 'நியோக்கி' உருண்டை ஐந்தைச் சாப்பிட 2 மணி 10 நிமிடம் ஆனது. பள்ளிக்குக் கொண்டுபோகும் உணவு டப்பாவின் மேல் பெயர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அதைத் தொடவே மாட்டாள்.

அதே சிறுமிதான், கடலில் சேரும் குப்பை பற்றிய படம் ஒன்றை வகுப்பில் பார்த்துவிட்டு அழுதாள். அன்று மதியம் பள்ளி உணவகத்தில் கொடுத்த ஹாம்பர்கரை அவளால் சாப்பிட முடியவில்லை. உணர்வுள்ள ஓர் உயிரின் சதையாகவே அது அவளுக்குத் தெரிந்தது. பிறகு வீகன் ஆனார் கிரேட்டா. அப்பாவையும் வீகனாக மாற்றினார்.

ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாவை ஒதுக்கியதற்கும் ஹாம்பர்கரை ஒதுக்கியதற்கும் காரணம் ஒன்றல்ல. முதலாவது, பதற்றமும் நோயும் செய்தது. இரண்டாவது, ஒரு கொள்கை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டுமே 'சாப்பிட மாட்டேங்குறா' என்றுதான் தெரியும். ஒன்றுக்கு உதவி தேவை. மற்றொன்றுக்கு மரியாதை தேவை.

'உணர்வே புரியாது' என்ற பழைய பாட்டு

'ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் உணர்வு புரியாது' என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. தானே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் சமூகவியலாளர் டேமியன் மில்டன், 2012-ல் இதை எதிர்த்துக் கேள்வி எழுப்பினார். 'புரிதல் குறைவு இரண்டு பக்கமும் இருக்கிறது. அவர்களுக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்றால், மற்றவர்களுக்கும் அவர்களைப் புரியவில்லை' என்பதுதான் அவரின் வாதத்தின் சாரம்.

சாப்பாட்டு மேஜையில் இதைத் தெளிவாகவே பார்க்கலாம். 'ஆட்டைக் கொல்வது தப்பு' என்று ஒரு பிள்ளை சொன்னால் நாம் பாராட்டுவோம். ஆட்டிசம் உள்ள பிள்ளை அதையே சொன்னால், 'ஒண்ணைப் பிடிச்சா விடாது' என்று அறிகுறிப் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம்.

நாக்கும் மூக்கும் சொல்வது

கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும். ஆட்டிசம் உள்ள பலருக்கு சுவை, வாசனை, சூடு, வாயில் படும் பதம் எல்லாமே மற்றவர்களைவிடப் பல மடங்கு தீவிரமாகத் தெரியலாம். சிலருக்கு மிகக் குறைவாகத் தெரியலாம். பசி, தாகம், வயிறு நிறைந்த உணர்வு போன்றவை தெளிவாகத் தெரியாதவர்களும் உண்டு.

இறைச்சியை இந்தக் கோணத்தில் யோசித்துப் பாருங்கள். ஒரு துண்டு மெதுவாக இருக்கும்; அடுத்த துண்டில் நரம்பு, கொழுப்பு, எலும்பு. மீன் குழம்பு கொதிக்கும் வாசனைக்கே சிலர் வீட்டை விட்டு ஓடிவிடுவார்கள். இவர்கள் இறைச்சியை விடுவதற்கும் ஆடு, கோழி மீதான இரக்கத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம்.

இதற்கு நேர் எதிரானவர்களும் இருக்கிறார்கள். கடையில் வாங்கும் சிக்கன் நக்கெட்ஸ் ஒவ்வொரு முறையும் ஒரே வடிவம், ஒரே ருசி. ஆனால் ஒரு தக்காளி புளிக்கும், இன்னொன்று இனிக்கும். வெண்டைக்காய் ஒருநாள் மொறுமொறு, மறுநாள் கொழகொழ. பயறில் தோல் தட்டுப்படும். 'அடுத்த வாய் எப்படி இருக்கும்' என்று தெரியாத சாப்பாடு இவர்களுக்குப் பயம் தரும். இவர்களிடம் போய் 'இறைச்சியை விட்டு வீகனாக மாறு' என்றால், உண்ணும் உணவில் பாதியைப் பிடுங்கியதுபோல ஆகிவிடும்.

உணவைத் தவிர்ப்பது உடல்நலத்தையே பாதிக்கும் அளவுக்குப் போனால், அதற்கு 'ஆர்ஃபிட்' என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில் இது தனிப் பிரச்னையாக இடம்பெற்றது. ஒல்லியாக வேண்டும் என்ற எண்ணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

மனசு ஒன்று சொல்ல, நாக்கு வேறு சொன்னால்?

கஷ்டம் இங்கேதான். மனதளவில் வீகனாக இருக்க விரும்பி, பருப்பும் காய்கறியும் வாயில் வைக்க முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். இறைச்சியோடு பால், தயிர், நெய், முட்டை, தேன் என எல்லாவற்றையும் விடுவது வீகன் உணவு முறை. தயிர் சாதத்தை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு பிள்ளையின் தட்டில் பிறகு என்ன மிஞ்சும்?

நன்கு திட்டமிட்டால் பெரியவர்களுக்கு வீகன் உணவு போதுமான சத்தைத் தரும் என்று உணவியல் நிபுணர்கள் சொல்கிறார்கள். 'திட்டமிட்டால்' என்பது முக்கியம். வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பும்படியான அளவில் கிடைப்பதில்லை. மாத்திரையாகவோ, சத்து சேர்த்த உணவாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும். இரும்பு, கால்சியம், புரதத்தையும் கவனிக்க வேண்டும். பத்து வகை உணவை மட்டுமே சாப்பிடும் ஒருவருக்கு இந்தத் திட்டமிடல் எளிதல்ல. உணவு மிகவும் சுருங்கிப்போனதால், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வைட்டமின் சி குறைபாட்டால் வரும் ஸ்கர்வி நோய் ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

'பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் ஆட்டிசம் சரியாகும்' என்ற பேச்சையும் இங்கே சொல்ல வேண்டும். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பிள்ளை நம்பிச் சாப்பிடும் நான்கு உணவில் இரண்டை இப்படி நிறுத்துவது ஆபத்திலும் முடியலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* 'ஏன் வேண்டாம்?' என்று கேளுங்கள். பேச்சு வராத பிள்ளை என்றால் படஅட்டையைக் காட்டியோ, தொட்டும் முகர்ந்தும் பார்க்கவிட்டோ கண்டுபிடியுங்கள். வாசனையா, பதமா, விலங்கு பற்றிய எண்ணமா என்பது மெதுவாகத் தெரியவரும்.

* பிள்ளை நம்பிச் சாப்பிடும் உணவுக்குள் வேறு எதையும் ஒளித்து வைக்காதீர்கள். முட்டையை மாவில் கலந்து ஏமாற்றியது தெரிந்தால், மறுநாள் முதல் தோசையும் வேண்டாம் என்று ஆகிவிடலாம்.

* கொள்கைக்காக விடுகிறார் என்றால், அதைக் கேலி செய்யாதீர்கள். அவருக்குத் தெரியாமல் கறிக்குழம்பை ஊற்றுவது, நம்பிக்கையை உடைக்கும் செயல். அவர் சாப்பிடக்கூடிய மாற்று என்ன என்று அவரோடு சேர்ந்தே யோசியுங்கள்.

* புதிய உணவை ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், மிகச் சிறிய அளவில், கட்டாயம் இல்லாமல் வையுங்கள். பழகிய உணவும் அதே தட்டில் இருக்கட்டும்.

* எடை குறைந்தால், சோர்வு இருந்தால், ஈறில் ரத்தம் வந்தால், சாப்பிடும் வகைகள் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போனால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். உணவியல் நிபுணரோடு, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் இதில் உதவ முடியும்.

டெம்பிள் இறைச்சி சாப்பிடுகிறார். கிறிஸும் கிரேட்டாவும் சாப்பிடுவதில்லை. மூவருமே காரணம் சொன்னார்கள். உலகம் உட்கார்ந்து கேட்டது. காரணம் சொல்லச் சொற்கள் இல்லாத பிள்ளைகளுக்கும் ஒரு காரணம் இருக்கும். அடுத்த முறை தட்டு தள்ளப்படும்போது, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதைக் கேளுங்கள்.