லைக் போட்டவர் சாப்பிட வருவாரா?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் என் சித்தப்பா 40 பேர் உட்காரும் மெஸ் ஒன்றை நடத்தி வருகிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்து, பேஸ்புக்கில் மெஸ்ஸிற்கு ஒரு பக்கம் தொடங்கி, பத்தாயிரம் லைக் வாங்கித் தருவதாகச் சொன்னார். சித்தப்பாவும் மாதாமாதம் பணம் கொடுத்தார். லைக் வந்தது. ஆனால் இலை போட ஆள் வரவில்லை. பணம் கொடுப்பதை நிறுத்தியவுடன் பக்கமும் கையை விட்டுப் போனது. காரணம், அதன் பாஸ்வேர்ட் அவரிடம்தான் இருந்தது. "நீதான் சாப்ட்வேர் கம்பெனியில வேலை பார்க்கிறியே, லைக் போட்டவங்க ஒருத்தர்கூட சாப்பிட வரலையேப்பா, ஏன்?" என்று என்னைக் கேட்டார்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதன் மூலம் தங்கள் கடையையோ லாட்ஜையோ விளம்பரம் செய்ய நினைக்கும் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. என் கருத்து இதுதான்: சிறிய வியாபாரத்திற்குச் சமூக வலைத்தளம் என்பது கூவி அழைக்கும் ஒலிபெருக்கி அல்ல. வந்து விசாரிப்பவருக்குச் சரியான பதில் சொல்லும் கல்லாப்பெட்டி.

லைக் ஏன் உதவுவதில்லை?

நீங்கள் போடும் பதிவை உங்கள் பக்கத்தைப் பின்தொடரும் எல்லோருக்கும் பேஸ்புக் காட்டுவதில்லை. யார் அதைப் படிக்கிறார்கள், பதில் எழுதுகிறார்கள், பிறருக்கு அனுப்புகிறார்கள் என்பதையெல்லாம் பார்த்தே மேலும் பலருக்குக் காட்டுகிறது. விலைக்கு வாங்கிய லைக்குகளுக்குப் பின்னால் உங்கள் சாம்பாரைச் சாப்பிடப் போகிறவர் யாரும் இல்லை. அவர்கள் பதிவைத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. எனவே உண்மையான வாடிக்கையாளருக்கும் உங்கள் பதிவு போய்ச் சேருவது குறைகிறது. காசு கொடுத்து நம் கடை வாசலை நாமே அடைப்பது போலத்தான் இது.

நம் ஊருக்குக் கூட்டத்தை நாம் அழைத்து வர வேண்டியதில்லை. பௌர்ணமிதோறும், கார்த்திகை தீபத்தின்போதும் லட்சக்கணக்கானோர் தாங்களாகவே வருகிறார்கள். 14 கிலோமீட்டர் நடந்து களைத்தவர் கையில் போன் இருக்கிறது. இரவு 2 மணிக்கு டிபன் கிடைக்குமா, காரை எங்கே நிறுத்தலாம், வயதான அம்மாவுக்குத் தரைத்தளத்தில் அறை உண்டா என்றுதான் அவர் தேடுகிறார். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர் கடைக்கே அவர் போவார்.

வாடிக்கையாளர் சொல்லும் பெயர்

இங்கே நம்மில் பலரும் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வரும் பக்தர்கள் நம் ஊரை "அருணாசலம்" என்றே சொல்கிறார்கள். 2023ல் தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகம் குரு பூர்ணிமாவிற்கு விட்ட சிறப்புப் பஸ்களுக்கும் "அருணாசலம்" என்றே அறிவிப்பு வந்தது. ஆக, அவர்கள் இண்டர்நெட்டில் தேடுவதும் அந்தப் பெயரில்தான். உங்கள் பக்கத்தில் திருவண்ணாமலை என்று மட்டும் இருந்தால் அவர்கள் கண்ணில் படுவது கடினம். அறிமுகக் குறிப்பில் இரண்டு பெயர்களையும் எழுதுங்கள். தெலுங்கில் நான்கு வரிகள் சேருங்கள். அதையும் தெலுங்கு தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்குங்கள். ரமணாசிரமம் பக்கம் நீண்ட நாள் தங்கும் வெளிநாட்டினருக்கு ஆங்கிலத்தில் சில வரிகள் தேவை. காரம் குறைத்துக் கிடைக்குமா என்பது அவர்கள் கேள்வி.

என்ன செய்யலாம்?

முதலில், கூகுள் மேப்ஸில் உங்கள் கடையைப் பதிவு செய்யுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. திறக்கும் நேரம், போன் எண், உங்கள் கடையின் உண்மையான போட்டோக்கள் ஆகியவற்றைத் தாருங்கள். பௌர்ணமி அன்று நேரம் மாறினால் அதையும் முன்கூட்டியே மாற்றி வையுங்கள்.

அடுத்து, வாட்ஸ் அப் பிசினஸ். இதுவும் இலவசம். இதில் உணவு வகைகளையும் அறை வாடகையையும் படத்துடன் பட்டியலிடலாம். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில்களை முன்பே எழுதி வைக்கலாம். பிரவுசரில் வாட்ஸ் அப் வெப் திறந்து, போனால் அதன் கோடை ஸ்கேன் செய்தால், வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே டைப் செய்து பதில் அனுப்பலாம்.

மூன்றாவது, பக்கத்தை உங்கள் பெயரிலேயே தொடங்குங்கள். பாஸ்வேர்டைத் தராமலேயே பதிவு போடும் அனுமதியை மட்டும் பிறருக்குத் தரும் வசதி பேஸ்புக்கில் இருக்கிறது. இரண்டு அடுக்குப் பாதுகாப்பையும் இயக்கி விடுங்கள். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

விளம்பரத்திற்குப் பணம் செலவழிப்பது தவறில்லை. பௌர்ணமிக்கு முந்தைய வாரம் மட்டும், குறிப்பிட்ட ஊர்களையும் மொழியையும் தேர்ந்தெடுத்துச் சிறிய தொகையில் செய்து பாருங்கள். வருபவரிடம் "எங்கே பார்த்து வந்தீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். லைக் எண்ணிக்கையைவிட இந்த நோட்டு உண்மையைச் சொல்லும்.

வைரல் ஆசை

யு-ட்யூபில் பிரபலமானவர்கள் இல்லையா என்று கேட்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்தின் வில்லேஜ் குக்கிங் சேனல் 2018ல் தொடங்கி, 2021ல் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்றது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவர்களுக்கு வீடியோவே தொழில். 40 பேர் உட்காரும் மெஸ்ஸிற்கு ஒரே நாளில் 400 பேர் வந்தால், தினமும் வருபவர் பசியோடு திரும்புவார். புதிதாக வந்தவர் மோசமான விமர்சனம் எழுதுவார்.

விமர்சனங்களை நீங்களே எழுதிக்கொள்ளவும் வேண்டாம். பணமோ இலவசச் சாப்பாடோ பெற்றுக்கொண்டு வீடியோ போடுபவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. தீப நாளில் வாடகை கூடும் என்றால் அதையும் முன்பே எழுதி விடுங்கள். ஏமாந்து போன ஒருவர் எழுதும் ஒற்றை வரி, நீங்கள் போட்ட நூறு போட்டோக்களையும் விழுங்கிவிடும்.

சித்தப்பாவின் புதிய பக்கத்தில் இன்னும் 300 லைக் கூடச் சேரவில்லை. ஆனால் சென்ற பௌர்ணமி இரவு நெல்லூரிலிருந்து வேனில் வந்தவர்கள் முன்னதாகவே வாட்ஸ் அப்பில் 18 சாப்பாடு சொல்லியிருந்தார்கள். நீங்களும் அடுத்த பௌர்ணமிக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் கடை பற்றி வாடிக்கையாளர் கேட்கும் பத்துக் கேள்விகளை எழுதிப் பதில் தயார் செய்யுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.